சர்டிபிகேட் டூட்டியில் இருக்கிறது

மரிய அனிதா ஜெராக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டு நர்ஸ் படிக்கப் போகிறாள் என்ற செய்தி செக்காலையில் அவள் குடியிருக்கும் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது, பால்காரர் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புருஷன் ஆரோக்கிய பிரபு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"பிரபு இனிமே பொண்டாட்டியையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி எறக்கி விடணும்ல. சாப்பாட்டுக் கூடைய மறந்துராம குடுத்து விடுங்க" என்று எதிர்வீட்டு ஆயி, அனிதாவின் மாமியாரிடம் சொன்னாள்.

மாமியார் அற்புதம்மாள் எதற்கும் நேராகப் பதில் சொல்கிறவர் இல்லை. "எங்க வீட்லயாச்சும் படிக்கப் போறா. சில வீட்ல வாசல்லயே நிக்கிறாக" என்றார். ஆயி அன்றைக்குப் பூராவும் வாசலுக்கு வரவில்லை.

அனிதாவின் புத்தி இப்படித் திரும்பியதற்குக் காரணம் ஒரு வரிதான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்துல் சுபஹானின் ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷம் அவள் ஊரார் பயோடேட்டாவையெல்லாம் தட்டச்சு செய்திருக்கிறாள். கடைசி வரி, எதிர்பார்க்கும் சம்பளம். வாத்தியார்மார் அங்கே 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று போடச் சொல்வார்கள். இன்ஜினியர்கள் காலியாக விடச் சொல்வார்கள். குவைத்துக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகள் மட்டும் கூச்சமில்லாமல் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள் ஒருத்தி மூன்று வருஷம் கழித்து வீட்டுப் பத்திரத்தை நகலெடுக்க வந்தாள். அனிதா சும்மா பேச்சுவாக்கில் கேட்க, அவளும் பேச்சுவாக்கில் தன் மாசச் சம்பளத்தைச் சொன்னாள். அனிதா மெஷினின் மூடியைத் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டாள். அந்தக் காப்பி கறுப்பாக வந்தது. சுபஹான் பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாள் வீணானதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கழுத்துச் சங்கிலி போயிற்று; மூன்று வருஷமும் போயிற்று. தன் மகள் வயதுக்குக் கொஞ்சம்தான் மூத்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து, முப்பத்தைந்தாம் வயதில் தேறி, நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் பண்ணிவிட்டாள். ஓரம் முழுக்கப் பூவேலை போட்ட சர்டிபிகேட். நடுவில் அவள் பெயர், கீழே பதிவு எண். இனி உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்து அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டும். பேரில் ஒரு கறையும் இல்லாமல் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் குவைத்.

கோவிலூர் போகிற சாலையில் நற்கரம் மருத்துவமனை இருக்கிறது. எண்பது ஜன்னல் வைத்த பழைய பெரிய வீட்டை வாங்கி, வளவு என்கிற உள்முற்றங்கள் மூன்றையும் சுற்றி நாற்பத்திரண்டு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அங்கே ஆள் எடுப்பதாக அனிதா சொன்னதும் சுபஹான் பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"போ தங்கச்சி. ஆனா ஒரிஜினலக் கேப்பாக. குடுத்தீன்னா திரும்ப வராது. ஒரிஜினல் மாட்டிக்கிச்சு, ஜெராக்ஸ வச்சு ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்கன்னு இந்தக் கடை வாசல்ல எத்தன புள்ளைக அழுதுட்டுப் போயிருக்கு. நீயே பாத்திருக்க."

பார்த்திருந்தாள். வேலைக்குச் சேர வேண்டிய அன்று காலையில் கடைக்கு வந்து, கனத்த தாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அரைமணி நேரம் மெஷினோடு போராடி, தன் சர்டிபிகேட்டுக்கு ஒரு இரட்டைப் பிள்ளையைப் பெற்றெடுத்தாள். பெற்ற தகப்பன் வந்தாலும் அடையாளம் தெரியாது. ஒன்றே ஒன்றைத்தான் மறைக்க முடியவில்லை. அந்தக் கலர் மெஷினின் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. எதைப் போட்டாலும் இடது ஓரத்தில் முடி மாதிரி ஒரு நீலக் கோடு விழும். பூவேலையோடு பூவேலையாக அதை ஒதுக்கிவிட்டு, ஒரிஜினலை வீட்டில் சகாய மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனாள்.

நிர்வாக அதிகாரி சேதுபதி எங்கோ அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஆபீஸ் என்பதைத் தெருவால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் தலைக்கு மேல் மருத்துவமனையின் அனுமதிச் சான்று தங்க நிறச் சட்டத்தில் தொங்கியது.

"வாங்க, உக்காருங்க" என்றார்.

அனிதா நாற்காலியை இழுத்தாள்.

"நீங்க இல்லம்மா. அத வைங்க."

அவள் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றாள். அவர் ஃபைலைப் பார்த்து, ரொம்ப நாளாகத் தெரிந்தவர் மாதிரி சிரித்தார்.

"பதிவு பெற்ற நர்ஸுக்கு நம்ம நற்கரத்துல மாசம் முப்பத்திரண்டாயிரம். சம்மதந்தானே?"

"சம்மதம் சார்."

"உங்ககிட்டக் கேக்கலம்மா." கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஃபைல் ஒன்றும் ஆட்சேபம் சொல்லவில்லை. "சரி, அதுக்குச் சம்மதம். உங்களுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு."

அனிதாவுக்குப் புரியவில்லை. சேதுபதி புரியாதவர்களுக்குச் சொல்லிப் பழகியவர்.

"பதிவு எண்ணை எங்க அச்சடிச்சிருக்கு? உங்க நெத்தியிலயா?"

"சர்டிபிகேட்ல சார்."

"அப்ப பதிவு பெற்ற நர்ஸ் யாரு? இத்தன கட்டிலுக்கு இத்தன பதிவு பெற்ற நர்ஸ் இருக்கணும்னு சட்டம் கேக்குது. நான் உங்களைக் கொண்டுபோயி நிப்பாட்டுனா, இந்தம்மா நர்ஸுதானான்னு அடுத்த கேள்வி வரும். சர்டிபிகேட்டைக் காட்டுனா அதோட கேள்வி முடிஞ்சுச்சு. வேலையை முடிக்கிறது எதுவோ அதுக்குத்தானே சம்பளம்? நீங்க அதுகூட வந்தவுக. கூட வந்தவுகளுக்குன்னு நாங்க எதுவுமே குடுக்காம இருக்கலாம். அப்படி மனசு வரல."

"அந்த முப்பத்திரண்டாயிரத்தை அது என்ன சார் செய்யும்?"

"செலவாளி இல்லம்மா அது. இங்கயே தங்குது. ஏசி, கரையான் மருந்து, காவல், இதெல்லாம் போக மிச்சத்தை ஆஸ்பத்திரிக்கே சேவையாத் திருப்பிக் குடுத்துருது. இந்த மனசு மனுசங்களுக்கு வருமா, சொல்லுங்க."

"ரெண்டு வருஷத்துல அனுபவச் சான்றிதழ்…"

"அதுக்கு அனுபவம் வந்துருச்சுன்னா தாராளமாக் குடுப்போம்" என்று சொல்லி, ஃபைலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

வீட்டில் அற்புதம்மாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். "முப்பத்திரண்டு" என்றாள் அனிதா. அது பொய்யும் இல்லை. சாயங்காலத்துக்குள் அது தெருமுனையில் நாற்பத்திரண்டாகி, மறுநாள் கல்லுக்கட்டி கடைத்தெருவில் ஐம்பதைத் தொட்டது. அந்த வாரமே தெருவில் மூன்று பேர் நர்ஸிங் விண்ணப்பம் வாங்கினார்கள். அதில் ஒருத்தி ஆயியின் மருமகள். ஜவுளிக்கடையில் பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவள்.

நற்கரத்தின் ஒழுங்குகளை அனிதாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நர்ஸிங் சூப்பிரண்டு மெர்சி மேடம். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. முதுகில் 'பதிவு பெற்ற நர்ஸ்' என்று பித்தளைத் தகடு. அதில் யாரும் உட்காரக் கூடாது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற அன்று சர்டிபிகேட்டுகளை இறக்கிக்கொண்டுவந்து அந்த நாற்காலிகளில் வைப்பார்கள். மற்ற நாளில் நாற்காலி சும்மா இருக்கும். கூட வந்தவர்கள் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார்கள்.

ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் ஒரு கையெழுத்து முத்திரை உண்டு. எல்லாம் மெர்சி மேடத்தின் மேஜை டிராயரில் இருந்தன. நோயாளியை அரைமணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பார்த்து, எப்படி இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் திங்கட்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டதும் உட்கார்ந்தால், பத்தரை மணிக்குள் வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் எல்லா நோயாளிகளையும் பார்த்து முடித்துவிடுவார். எல்லோரும் நலம். வியாழனுக்கு மேல் போடுவது அவருக்கே மனசுக்கு ஒப்பவில்லை. "ஏதாச்சும் மாறிருச்சுன்னா?" என்பார்.

மாதத்துக்கு ஒருநாள் மாடியில் சர்டிபிகேட் அறையைத் துடைக்க வேண்டும். அனிதாவுடன் அந்த முறை போனவள் நாதியா என்கிற இளம்பெண், புதுவயல்காரி. பர்மா தேக்குக் கதவு. செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை, கைக்கு உறை. கீழே புண்ணுக்குக் கட்டுப்போடக் கையுறை கேட்டால் மேடம் இரண்டு நாள் யோசிப்பார். இங்கே ஒரு பெட்டி நிறைய இருந்தது. உள்ளே மார்கழிக் குளிர். சுவரில் வரிசையாக இருபத்துநான்கு சர்டிபிகேட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு.

அனிதா தன்னுடையதைத் தேடிப் போய் நின்றாள். இடது ஓரத்தில் நீலக் கோடு, விளக்கு வெளிச்சத்தில் நரம்பு மாதிரி தெரிந்தது. பார்வையைத் திருப்பிப் பக்கத்துச் சட்டத்தைத் துடைக்கப் போனாள். அதிலும் நீலக் கோடு. அதற்கு அடுத்ததிலும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் நெடுக நடந்தாள். இருபத்துநான்கிலும், ஒரே இடத்தில், ஒரே கோடு.

நாதியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்தக் கடையில போட்ட?" என்று அனிதா மெதுவாகக் கேட்டாள்.

"பழைய பஸ் ஸ்டாண்டுக்கா. பாய் கடை. நீங்கதான் போட்டுக் குடுத்தீக. ஒங்களுக்கு ஞாபகம் இல்ல."

அனிதா சட்டங்களை மறுபடி எண்ணினாள். "கீழ நாம ஆறு பேருதானே இருக்கோம். மிச்சப் பதினெட்டுப் பேரு?"

"எல்லாம் விட்டுட்டுப் போயிட்டாகக்கா. ரெண்டு பேரு துபாய்ல. ஒருத்தவுக திருப்பத்தூர்ல பேக்கரி வச்சிருக்காக." நாதியா மூலையில் இருந்த சட்டத்தைக் காட்டினாள். "இந்த அக்கா மூணு வருசத்துக்கு முந்தி மௌத்தாயிட்டாக. கேன்சர்."

"அப்புறம்?"

"இன்னைக்குச் சாயங்கால டூட்டி."

அதற்குப் பிறகு அனிதா அந்த அறையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, பிரபுவிடம்கூட. போலித்தாள் கொடுத்தாள் என்று வெளியே வந்தால் பதிவே போய்விடும். மூன்று வருஷப் படிப்பு, சங்கிலி, குவைத், எல்லாம். நாளை எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தாள். அவள் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் சர்டிபிகேட் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. ஆறாம் மாதம் அதற்குச் சம்பள உயர்வு. பத்தாம் மாதம் தலைமை நர்ஸ். மழைக்காலத்தில் அதற்கு ஈரம் ஆகாது என்று ஒரு வாரம் மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். அந்த வாரம் அனிதாவுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். விடுப்புக் கேட்டாள். ஒருத்தருக்கு ஒரு நேரத்தில் இரண்டு விடுப்பு தர விதியில் இடமில்லை என்றார் சேதுபதி.

ஏழாம் கட்டிலில் சேவுகப்பெருமாள் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். நெற்குப்பைக்காரர், கல்யாணச் சமையல் மாஸ்டர். நெஞ்சுவலி. சும்மா படுத்திருக்கத் தெரியாத மனுஷர்; கட்டிலில் தொங்கும் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார்.

"ஆத்தா, அரைமணிக்கு ஒருக்கா யாரோ வந்து என்னயப் பாத்துட்டுப் போறதா எழுதியிருக்கே. நான் கண்ணசந்த நேரம் பாத்து வர்றாகளோ?"

"ஆமாய்யா" என்றாள் அனிதா.

"நாளைக்கும் வந்து பாத்துட்டுப் போயிட்டாக போலயே." தாளைத் திருப்பி அவளிடம் காட்டினார். "நாளைக்கு நான் நலம். அதப் படிச்ச பெறகு எனக்கு நெஞ்சு இன்னும் கொஞ்சம் அடச்ச மாதிரி இருக்கு."

அவர் தலைமாட்டில் மணிப் பொத்தான் இருந்தது. வலி வந்தால் அமுக்கச் சொன்னாள். "அமுக்குனா நீதான வருவ? அந்தத் தாளை அனுப்பிச்சிராத" என்றார் அவர்.

மறுநாள் மத்தியானம் நற்கரம் விழா. வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. இந்த வருஷத்துச் சிறந்த நர்ஸ் விருது அனிதாவின் சர்டிபிகேட்டுக்கு. பெரிய வளவில் பந்தல், அறுநூறு நாற்காலி, நாதசுரம். சீர் கொண்டுபோகிற மாதிரி வெள்ளித் தாம்பாளத்தில் சர்டிபிகேட்டை வைத்து, குடை பிடித்து மேடைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நர்ஸுகளும் கையில் விளக்கோடு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. ஒருத்தர்கூடக் குறையக் கூடாது, வீடியோவில் தெரியும்.

சேதுபதி பேசினார். "இந்த நர்ஸ் பதினைந்து மாதமாக ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை. டீ குடிக்கப் போனதில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்ததில்லை. நோயாளிக்கு மருந்து இல்லை என்று மேலிடத்தில் வந்து நின்றதில்லை. அழுததில்லை. நர்ஸ்களைத் தேவதைகள் என்கிறோம். தேவதை என்றால் எப்படி இருக்க வேண்டும்? சாப்பாடு கேட்கக் கூடாது, தூங்கக் கூடாது, சம்பளத்தைக் கையில் வாங்கக் கூடாது. அப்படி ஒருவரை நம் காலத்தில் பார்க்க முடியுமா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இதோ பார்த்துவிட்டோம்."

அறுநூறு பேரும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் சட்டத்தை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். கேமரா விளக்கு நேராக அதன் மேல் விழுந்தது. அனிதா நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரன் இன்னும் ஒரு அடி கிட்டே போனான்.

அப்போது ஏழாம் கட்டிலின் மணி அடித்தது.

முதலில் நாதசுரத்துக்குள் அது சரியாகக் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அனிதா ஒரு எட்டு நகர்ந்தாள். மெர்சி மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சர்டிபிகேட் மேடையில நிக்கிறப்ப நீ எங்க போற?"

"ஏழாம் நம்பர் மேடம்."

"அவருக்கு வியாழக்கிழமை வரைக்கும் பாத்தாச்சு. நில்லு."

மேடத்தின் பிடி அப்படி ஒன்றும் இறுக்கமானது இல்லை. உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வரிசை கலைந்தால் எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். அவளைப் பார்த்தவர்கள் அடுத்து சர்டிபிகேட்டைப் பார்ப்பார்கள். கேமரா கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இவ்வளவையும் யோசித்தாள். யோசித்துக்கொண்டே நின்றாள். விளக்கின் எண்ணெய் விரலில் வழிந்தது. மணி பதினோரு நிமிஷம் அடித்தது. பிறகு தானாக நின்றது. நின்றதும் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. நாதசுரம் இப்போது தெளிவாகக் கேட்டது.

சேவுகப்பெருமாளின் தம்பி மருது நாலாம் நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். ஊர்க்காரர்கள் நாற்பது பேர் கூட வந்திருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை.

"எங்கண்ணன் ரெண்டே முக்காலுக்குச் செத்துப்போனாக. மூணு மணிக்கு நலம்னு போட்டிருக்கு. மூணரைக்கும் நலம். எரிச்சப்பவும் நலம். காடாத்திச் சாம்பல் அள்ளுன அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கும் நலமா இருந்திருக்காக. எங்க வச்சுப் பாத்தீகன்னு மட்டும் சொல்லுங்க, நாங்களும் போயிப் பாத்துட்டு வர்றோம்."

அன்றைக்கே விசாரணைக் குழு அமைத்தார்கள். சேதுபதி, மெர்சி மேடம், வெளியிலிருந்து வந்த கோட்டுப் போட்ட ஒருவர். கோட்டுக்காரர் தன் நியமன ஆணையை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அனிதாவைக் கூப்பிட்டார்கள்.

"சர்டிபிகேட் மேல தப்பு இல்ல" என்று சேதுபதி ஆரம்பித்தார். "அது மேடையில இருந்தத அறுநூறு பேரு பாத்திருக்காக. கூட வந்தவுக நீங்க எங்க இருந்தீக?"

"பக்கத்துலதான் சார். விளக்கோட."

"மணி அடிச்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் போகல."

"மேடம் கையப் பிடிச்சாக சார்."

"நான் பாசத்துல பிடிச்சேன்" என்றார் மெர்சி மேடம்.

சேதுபதி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றைய டூட்டி நர்ஸ் மரிய அனிதா, பதிவு எண் இன்னது, மணி அடித்தும் அலட்சியமாகப் போகாமல் இருந்ததால் நோயாளி இறந்தார். மருத்துவமனைக்கு இதில் சம்பந்தமில்லை. கீழே கையெழுத்துக்கு இடம்.

அனிதா இரண்டு தடவை படித்தாள். அதில் பாதி உண்மை.

"சம்பளம்னா சர்டிபிகேட்தான் நர்ஸுன்னு சொன்னீக சார்."

"சம்பளத்துக்கு அதுதாம்மா. பதில் சொல்ல வாய் வேணும்ல. போலீஸ் கூப்பிட்டா நடந்து போகக் கால் வேணும்ல. அந்தப் பாவத்துக்கு அதெல்லாம் ஏது? ஆண்டவன் உங்களுக்குத்தான் குடுத்திருக்கான்."

"கையெழுத்து முத்திரை மேடத்துகிட்ட இருக்கு. அதையே போட்டுக்கங்க."

"அது செல்லாதும்மா" என்றார் சேதுபதி, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்து. "இதுக்கு ஒரிஜினல் வேணும்."

அவள் நிமிர்ந்தாள். அவர் தலைக்கு மேல் அனுமதிச் சான்று. பதினைந்து மாதமாக அந்தச் சட்டத்தின் தங்க நிறத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் இடது ஓரத்தைப் பார்த்தாள். நீலக் கோடு. மெதுவாகக் கண்ணை இறக்கிக் கோட்டுக்காரரின் நியமன ஆணையைப் பார்த்தாள். அதிலும் கோடு. அந்த மேஜையில் கோடு இல்லாத தாள் ஒன்றே ஒன்று. அது அவள் கையில் இருந்தது.

"போடுறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்கிறேன் சார்."

சேதுபதிக்குச் சந்தோஷம். "எடுத்துக்கங்க. எதுக்கும் ஒரு காப்பி இருக்கணும்ல."

சுபஹான் பாய் தாளைப் படித்தார். கல்லாவை விட்டு எழுந்து, கடையில் நின்ற இரண்டு பேரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

"என்ன செய்யப் போற தங்கச்சி?"

"மெஷின் சூடா இருக்கா பாய்?"

துண்டுச் சீட்டு ஒன்றில் நீல மையால் தன் கையெழுத்தைப் போட்டாள். தாளின் அடியில், இருக்க வேண்டிய இடத்தில் அதைப் பொருத்திக் கண்ணாடியில் கவிழ்த்து மூடினாள். வெளிச்சம் ஒரு முறை போய்த் திரும்பியது. வெளியே வந்த தாளில் கையெழுத்து இப்போதுதான் போட்ட மாதிரி ஈரமாக மின்னியது. ஓரத்தில் கோடு.

"கண்டுபிடிச்சிருவாகளா?"

"ஒரிஜினலப் பாத்துப் பழகுனவன் கண்டுபிடிப்பான்" என்றார் பாய். காசு வாங்கவில்லை.

அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. "அங்கயே போட்டுட்டேன் சார்" என்று கொடுத்ததை சேதுபதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவான கையெழுத்து என்று பாராட்டினார். லேமினேஷன் போட்டு மாடியில் ஏசி அறையில் வைக்க உத்தரவிட்டார்.

"நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன் சார்."

"தாராளமா. நீங்க போகலாம். சர்டிபிகேட் இருக்குல்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அனிதா வளவைக் கடந்தாள். பையில் மடித்துவைத்த ஒரிஜினல் தாள், கையெழுத்து இல்லாமல். வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இன்னொரு ஒரிஜினல். தப்பித்தாயிற்று. வாசலுக்கு இருபது எட்டுதான்.

ஏழாம் கட்டிலில் புதிதாக ஒரு அம்மா படுத்திருந்தார். மூச்சு வாங்கியது. தலைமாட்டுத் தாளில் ஆசியா பீவி என்று பெயர். வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வியாழக்கிழமை ராத்திரி வரை நலமாக இருந்தார். ஒவ்வொரு அரைமணிக்கும் எதிரே முத்திரை: மரிய அனிதா, மரிய அனிதா, மரிய அனிதா.

அனிதா பையைத் திறந்து அந்த மடித்த தாளை எடுத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கட்டிலின் விளிம்பில் வைத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். 'இந்தக் கட்டிலுக்கு நர்ஸ் இல்லை.' கீழே பெயர், பதிவு எண், தேதி. கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதினாள். முத்திரை குத்திய தாளுக்கு மேலே அதைக் கிளிப்பில் செருகினாள்.

ஆசியா பீவி கழுத்தைத் திருப்பி அதைப் படித்தார். படித்து முடிக்க நேரம் ஆயிற்று.

"அப்ப நான் மணிய அமுக்குனா யாரு ஆத்தா வருவாக?"

"வீட்டுக்குப் போன் போடுங்கம்மா. வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இப்பவே."

"மகன் புதுக்கோட்டையில இருந்து வரணும். ரெண்டு மணி நேரம் ஆகும்."

அனிதா வாசலைப் பார்த்தாள். பிறகு பையை இறக்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, பித்தளைத் தகடு வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தை புதிதாக இருந்தது. யாரும் உட்கார்ந்து அமுங்காத மெத்தை.

மெர்சி மேடம் தூண் ஓரத்திலிருந்து பார்த்துவிட்டார். "அனிதா, அந்த நாற்காலி…"

அவள் எழுந்திருக்கவில்லை. ஆசியா பீவியின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாற்பதை எண்ணும்போது அடுத்த வளவில், பத்தொன்பதாம் கட்டிலில் மணி அடித்தது. நாதியா இரண்டாம் கட்டில்காரரைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கையை எடுக்க முடியாது. மெர்சி மேடம் கடிகாரத்தைப் பார்த்து, பத்தொன்பதாம் நம்பருக்கு வியாழன் வரை போட்டாயிற்று என்றார். மணி நிற்கவில்லை. மாடியில் தேக்குக் கதவுக்குப் பின்னால், சின்னச் சின்ன விளக்குகளுக்குக் கீழே, இருபத்துநான்கு பேரும் டூட்டியில்தான் இருந்தார்கள்.